நான் இருமிய இடங்கள்

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் காரின் ரேடியோவில் கரகரப்புக்கு நடுவே எங்கள் நிலையம் தலைகாட்டியது.

"வந்துடுச்சு பாருங்க சார், நம்ம ஸ்டேஷன்!" என்றார் இப்ராஹிம் பாய். சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவர் போல முகம் மலர்ந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம். செங்கல்பட்டில் ஒரு காதுகுத்து விருந்தில் மூன்று தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்றிருந்தவனைப் பாய்தான் ஹாரன் அடித்து ஏற்றிக்கொண்டார். கோவளத்தில் மைக் செட் வைத்திருப்பவர். ஆம்ப்ளிஃபயர் சாமான் வாங்கச் செங்கல்பட்டு வந்திருக்கிறார். கார் பழையது, அவருக்குப் புதிது. நாலு கதவிலும் அவர் கையாலேயே பொருத்திய ஸ்பீக்கர்கள். பின் சீட்டுக்கடியில் பிரியாணி அண்டா அளவுக்கு இன்னொன்று. முரசு அடித்தால் நம் விலா எலும்பு பதில் சொல்லும்.

ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தது அவர் மகள் பர்வீன். எங்கள் கல்லூரி வளாகத்துச் சமூக வானொலியில் சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் ராக் பாட்டுப் போடுகிறாள். அந்தப் பாட்டுகளைத் தயார் செய்து கொடுப்பவன் நான். அதாவது, அவற்றில் இருக்கும் கெட்ட வார்த்தைகளைப் பிடுங்கிவிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கும்படி ஆக்கி வைப்பவன்.

முதல் பாட்டு கரகரத்துக்கொண்டே ஓடி முடிந்தது. கெட்ட வார்த்தை வரவேண்டிய மூன்று இடங்களிலும் வெறும் கிட்டார் மட்டும் சமர்த்தாக வந்துபோனது.

"கத்தறானுங்க. ஆனா சுத்தமா கத்தறானுங்க. எல்லாம் உங்க வேலை சார்," என்றார் பாய்.

நான் அடக்கமாகச் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் அடக்கமாகச் சிரித்த பிறகு உருப்படியாக எதுவும் நடந்ததில்லை. இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

மாமல்லபுரம் நெருங்க நெருங்கக் கரகரப்பு அடங்கியது. ரேடியோவின் சின்னத் திரையில் இரண்டு எழுத்துகள் புதிதாகப் பச்சையாக எரிந்தன. இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. முதல் நாலு வரி ஒழுங்காகப் போனது. ஐந்தாவது வரியின் கடைசியில் அந்த வார்த்தை வந்தது.

முழுசாக வந்தது. என் பக்கத்துக் கதவிலிருந்தும் வந்தது, பாய் பக்கத்துக் கதவிலிருந்தும் வந்தது. அதை இந்த இதழில் அச்சடிக்க முடியாது. பள்ளிக்கூடமே போகாதவனுக்கும் புரியும் இங்கிலீஷ் வார்த்தை, அவ்வளவுதான் சொல்வேன்.



பாட்டுக்கு முடிவெட்டுபவன்

இந்தத் தொழிலுக்கு நான் விரும்பி வந்தவனில்லை. செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டு ரேடியோவுக்குத் தணிக்கை அதிகாரி என் அப்பா. நாடகத்தில் காதலன் குரல் கொஞ்சம் குழைந்தால் போதும், அவர் கை குமிழுக்குப் போகும், ஒலி குறையும். ஆகவே எந்த இடத்தைக் கவனமாகக் கேட்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

வானொலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் குமிழ் என் கைக்கு வந்தது.

பர்வீன் வருவதற்கு முன்பு, முதலில் 'பீப்' போட்டேன். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் ஒரு கூவல். இரண்டாவது வாரமே கொக்கிலமேட்டிலிருந்து ஒரு மீனவர் போன் செய்தார்.

"சார், அலை எச்சரிக்கையா? எத்தினி அடி?"

காலையில் நாங்கள் சொல்லும் கடல் அறிவிப்பும் அதே கூவலோடுதான் ஆரம்பிக்கும். ஒரே பாட்டில் பதினோரு கூவல் கேட்டு, மனிதர் படகைக் கரையில் இன்னும் மேலே இழுத்துக் கட்டிவிட்டுப் பேசுகிறார். பீப்பை அன்றோடு விட்டேன்.

அப்புறம் வார்த்தையை அப்படியே வெட்டி எடுத்துப் பார்த்தேன். பாட்டு நொண்டியது. வார்த்தையைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டேன். பேய் ஏப்பம் விடுவது மாதிரி இருக்கிறது என்று பெண்கள் விடுதிக் காப்பாளர் எழுதியே கொடுத்தார்.

அப்போதுதான் ஒரு மந்திரத்தைக் கற்றுக்கொண்டேன். பாடகனின் குரல் இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே அளவாக வரும். அந்தக் கெட்ட வார்த்தை வரும் அரை நொடிக்கு மட்டும் ஒரு பக்கத்து ஒலி அலையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். மேடும் பள்ளமும் சேர்ந்து தரைமட்டமாகிற மாதிரி இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். குரல் காணாமல் போகும். ஓரத்தில் வாசிக்கிற கிட்டார் மட்டும் மிச்சம் நிற்கும். வெட்டின தழும்பே தெரியாது.

ஸ்டூடியோவில் போட்டுக் கேட்டேன். வார்த்தை மாயம். எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். ராக் பாட்டுகளை எல்லாம் அந்த முறையிலேயே மழித்துத் தள்ளினேன்.

ஒரே ஒரு காரியம் செய்யவில்லை. நிகழ்ச்சியை ஸ்டூடியோவுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. சமைத்தவன் பந்தியில் உட்காரவே இல்லை.

பாய் வைத்த நிபந்தனை

பர்வீனை நிகழ்ச்சிக்குத் தேர்ந்தெடுத்ததும் அவள் அத்தா, அதாவது இப்ராஹிம் பாய், என்னைப் பார்க்க நேரில் வந்தார். சட்டையில் சந்தன வாசனை. டீயைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை.

"சார், எங்க ஊர்ல கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பள்ளிவாசல் பயான் எல்லாத்துக்கும் என் மைக்குதான். குடிச்சிட்டு எவனாவது மைக்கப் புடிச்சான்னு வெச்சுக்குங்க, நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே குந்தினு கீறேன். வாயத் தொறக்கறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுவேன். இத்தினி வருசத்துல என் மைக்குல ஒரு அசிங்கமான வார்த்தை போனது கெடையாது."

"தெரியும் பாய்."

"என் பொண்ணு மைக்குலயும் போவக்கூடாது. அவ சொன்னாலும் சரி, பாட்டுல வந்தாலும் சரி. போச்சுன்னா அன்னிக்கே வூட்டுக்கு வந்துடுவா. அப்பால நீங்க வந்து கூப்புடக்கூடாது."

"ஒரு வார்த்தை போகாது பாய். நான் பொறுப்பு," என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் டீயைக் குடித்தார்.

பர்வீன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அவர் போனதும் உள்ளே வந்து, "சார், எனக்கு இது ஒண்ணுதான் கெடச்சிருக்கு. காலேஜ், வூடு, காலேஜ், வூடு. இந்த ஒரு மணி நேரந்தான் என்னுது. பாத்துக்குங்க சார்," என்றாள்.

பாய் அன்று முதல் சனிக்கிழமை தோறும் கடை வாசலில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டித் தெருவுக்கே மகள் குரலைக் கேட்க வைத்தார். கோவளம் மீன் வாங்க வந்தவர்கள் வஞ்சிரத்தோடு ராக்கையும் வாங்கிப் போனார்கள். ஒரு புகார் இல்லை.

மனித பீப்

இனி காருக்கு வருவோம்.

வார்த்தை வந்தது. நான் பாயைப் பார்த்தேன். அவர் எதிரே வந்த லாரிக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கிறதா, இல்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என் மூளை இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு ஓடியது. என் கையால் கொன்ற வார்த்தை எப்படி உயிரோடு வந்தது என்பது ஒன்று. அடுத்தது எப்போது வரும் என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு மட்டும் பதில் தெரியும். அந்தப் பாட்டில் ஒவ்வொரு வார்த்தையையும் நொடிக் கணக்கில் தேடிப் பிடித்தவன் நான்தானே. நாலு கிட்டார் அடி, ஒரு முரசு உருட்டல், பாடகன் மூச்சு இழுப்பான், அப்புறம்...

இருமினேன். நெஞ்சுக்கூடு கழன்று விழுகிற மாதிரி இருமினேன். வார்த்தை இருமலுக்குள் போய்விட்டது.

"தண்ணி பின்னாடி கீது சார்," என்றார் பாய்.

அடுத்தது எட்டு நொடியில். "பாய்! மாடு!" என்று அலறினேன். பாய் சடாரென்று பிரேக் போட்டார். சாலையில் ஒரு கோழிகூட இல்லை.

"எங்க சார் மாடு?"

"போயிடுச்சு."

"அதுக்குள்ள எங்க போச்சு?"

"வேகமான மாடு பாய்."

ரேடியோவை நிறுத்தக் கை நீட்டினேன். பாய் என் கையைத் தட்டிவிட்டார். "இன்னா சார் நீங்க, பாட்டு முடிஞ்சா என் பொண்ணு பேசுவா!"

அடுத்ததற்குத் தும்மினேன். அதற்கடுத்ததற்கு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, யாருமே இல்லாத சவுக்குத் தோப்பைப் பார்த்து "நல்லாயிருக்கீங்களா!" என்று விசாரித்தேன். கடைசிப் பல்லவியில் அந்த வார்த்தை அடுத்தடுத்து நாலு தரம் வரும். அதற்கு என் கையில் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன்.

"அரோகரா! அரோகரா! அரோகரா! அரோகரா!"

பாய் காரை மெதுவாக்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், இங்க கோயிலே இல்லியே. சுகர் எறங்கிடுச்சா?"

"இல்ல பாய்."

"மொகமெல்லாம் வேர்க்குது. நெஞ்சு அடைக்குதா? பயப்படாதீங்க, காலேஜ்ல டாக்டரம்மா இருப்பாங்க, அஞ்சு நிமிசத்துல போயிடலாம்." ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

நிலையத்தை நோக்கி. நெருங்க நெருங்க ஒலிபரப்பு கண்ணாடி மாதிரி தெளிந்தது. மூன்றாவது பாட்டைப் பர்வீன் அறிவிக்கும் குரல் கேட்டது. பத்து நிமிடப் பாட்டு, அதில் மொத்தம் பத்தொன்பது. எந்த மனிதனாலும் ஒரு பாட்டுக்குள் பத்தொன்பது தரம் அரோகரா போடமுடியாது. முருகனே பொறுக்கமாட்டார்.

"பாய், வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தினார். நானே சாவியைத் திருகி அணைத்தேன். ரேடியோ செத்தது. இடது பக்கம் கடல், வலது பக்கம் சவுக்கு என்றுதான் எழுத வருகிறது. நாங்கள் வடக்கே போய்க்கொண்டிருந்ததால் அது நேர்மாறாக இருந்திருக்கவேண்டும். அன்றைக்கு என் நிலைமை அப்படி.

"பாய், அந்தப் பாட்டுல கெட்ட வார்த்தை வருது."

"எந்த எடத்துல?"

"நான் இருமுன எடத்துல எல்லாம்."

பாய் செத்துக் கிடந்த ரேடியோத் திரையைப் பார்த்தார்.

"மாடு?" என்றார்.

"அதுவும்தான்."

"அரோகரா?"

"நாலும்."

பாய் சாவியைத் திருகினார். ரேடியோவைப் போடவில்லை. கல்லூரி வாசலில்தான் வண்டியை நிறுத்தினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் இருமியதில் அவர் காதில் ஒன்றும் விழாமலே போயிருக்கலாம். பத்திரமாக மூடி வைத்த திருட்டை நானே போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறேன். பர்வீனின் ஒரு மணி நேரத்தையும் சேர்த்து.

ஒரு பொத்தான்

நாங்கள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது மூன்றாவது பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. பர்வீன் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். அத்தாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

நான் சுவர் ஸ்பீக்கரைக் காட்டினேன். "கேளுங்க பாய். இப்ப வரும்."

வரவில்லை. கிட்டார் மட்டும் வந்தது.

"அடுத்தது பாருங்க."

அதுவும் வரவில்லை. பாட்டு, பால் குடித்து வளர்ந்த பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நானே முடிவு செய்துவிட்டேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பாய் என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு ஸ்பீக்கர் ஒட்டடையோடு சும்மா இருந்தது. அதன் பின்னால் கையை விட்டு, ஒரு வயரை வெளியே இழுத்தார். முனையை ஏதோ கடித்துக் குதறியிருந்தது.

"இது எப்பலேர்ந்து?"

"எலி பாய். பொங்கலுக்கு முன்னாடி. அதனாலதான் ரெண்டு பக்கத்துச் சத்தமும் இந்த ஒண்ணுலயே சேர்ந்து வர்ற மாதிரி அந்தப் பொத்தானை அமுக்கி..."

பாய் மிக்ஸர் மேசைக்குக் குனிந்தார். அந்தப் பொத்தானை விடுவித்தார்.

அறை முழுக்க அந்த வார்த்தை வந்து விழுந்தது. பர்வீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டும்போது ஒண்ணுக்கு வயர மாத்திக் குத்திட்டா இப்படித்தான் சார்," என்றார் பாய். குரலில் கோபம் இல்லை, தொழில் இருந்தது. "ரெண்டும் ஒண்ணா கலக்கற எடத்துல பாடறவன் செத்துடுவான். தனித்தனியா கேட்டா உயிரோட கீறான். உங்களது ஒரு ஸ்பீக்கரு, என்னுது ஒரு குழாயி. நமக்குக் கேக்கல. ரெண்டு காது வெச்சவனுக்கெல்லாம் கேட்டுகினு கீது."

கார் வைத்திருப்பவர்கள். செல்போனில் இயர்போன் மாட்டிக் கேட்பவர்கள். படூரிலிருந்து மாமல்லபுரம் வரை எல்லாக் கல்லூரி விடுதிகளும். எட்டு வாரமாக. ஸ்டேஷன் அருகே வந்ததும் திரையில் எரிந்த 'ST' என்ற அந்த இரண்டு எழுத்துக்கு ஸ்டீரியோ என்ற அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. தூரத்தில் ரேடியோ இரண்டையும் கலந்து கொடுத்திருக்கிறது. கிட்டே வந்ததும் பிரித்துவிட்டது. பக்கத்திலிருந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பாய் மகளின் ஹெட்போனைப் பார்த்தார். அதற்கும் இரண்டு காது.

"நீ மொத வாரத்துலேர்ந்து கேட்டுகினு கீறியா?"

"ஆமா அத்தா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க." என் பக்கம் திரும்பினாள். "சாருக்குத் தெரியும்னு நெனச்சேன். வேணும்னேதான் விடறாருன்னு நெனச்சேன். ஹாஸ்டல்ல சாருக்கு ரசிகர் மன்றமே கீது அத்தா. 'பயமே இல்லாத மனுசன்'னு பேரு."

என் ஆயுளில் யாரும் எனக்குக் கொடுக்காத பட்டம். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அதை வாங்கிக்கொண்டேன்.

பாட்டு முடிய இருபது நொடி இருந்தது. "ஒண்ணும் பேசாதே. அடுத்த பாட்டைப் போட்டுடு. நாமளா சொல்லாத வரைக்கும் ஒண்ணும் நடக்கல," என்றேன். பயமே இல்லாத மனுசனின் யோசனை அது.

பர்வீன் அத்தாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேயர்களே, ஒரு தப்பு நடந்திருக்கு. இந்த நிகழ்ச்சியில பாட்டுகள்ல இருந்து எடுத்துட்டோம்னு நாங்க நெனச்ச வார்த்தைங்க சில பேருக்கு முழுசா கேட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல. அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன். மிச்ச நேரத்துக்கு வார்த்தையே இல்லாத இசை மட்டும் போடறேன்."

என் பெயரை எடுக்கவில்லை. எலியின் பெயரைக்கூட எடுக்கவில்லை. குரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. விளக்கு அணைந்த பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினாள்.

பாய் அந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியல்

"சார்," என்றார் கடைசியில். "இவள நிறுத்திடணும்னு நெனச்சுகினுதான் வந்தேன். படிக்கட்டு ஏறும்போதுகூட அதான்." மைக்கைக் கையால் காட்டினார். "எத்தினி பெரிய மனுசங்களுக்கு மைக்கு குடுத்துகீறேன் தெரியுமா? தப்பு என்னுதுன்னு ஒருத்தன் அதுல சொல்லிக் கேட்டதில்ல."

பர்வீன் தலையைத் தூக்கவில்லை.

"இன்னிமே இந்த வெட்டு வேலைய அவளே செய்யட்டும். ரெண்டு காதுல மாட்டிகினு கேக்கறவதான் வெட்டணும். நீங்க எந்தெந்த வார்த்தைன்னு ஒரு லிஸ்டு மட்டும் எழுதிக் குடுங்க. ஒண்ணு வுடாம."

எழுதினேன். தகப்பன் பக்கத்தில் நிற்க, மகள் எதிரே உட்கார்ந்திருக்க, நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். ஐம்பது வயதில் இப்படி ஒரு பரீட்சை எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. மொத்தம் ஒன்பது. தாளைக் கவிழ்த்துப் பர்வீன் பக்கம் தள்ளினேன்.

அவள் திருப்பிப் படித்தாள். "அவ்ளோதானா சார்?" என்றாள். பேனாவை எடுத்து நிதானமாகக் கீழே ஏழு வார்த்தை சேர்த்தாள். அதில் நாலு எனக்குத் தெரியாது. எட்டு வாரமாக அந்த நாலும் நான் கைகூட வைக்காமல், எல்லா ஸ்பீக்கரிலும் குழாயிலும் போயிருக்கின்றன.

தாளைப் பாய் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். மகள் கையெழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் விரல் நின்றது. அவளை ஒரு பார்வை பார்த்தார். விரல் மறுபடி நகர்ந்தது. கடைசி வரிக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அடியில் இரண்டு வார்த்தை எழுதினார்.

பர்வீன் எட்டிப் பார்த்தாள். "அத்தா!" என்று அலறினாள்.

"துபாய்ல எட்டு வருசம் கிரேன் ஓட்டினேன்," என்றார் பாய், எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல். தாளை நாலாக மடித்து மகள் கையில் கொடுத்தார். "அடுத்த சனிக்கிழம குழாயக் கழட்டிட்டு ரெண்டு பாக்ஸ் கட்டப்போறேன். தெருவே கேக்கும். ஒழுங்கா வெட்டு."

அவர் எழுதிய இரண்டும் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. முதல் வார்த்தையை வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே செல்போனில் தேடினேன். அர்த்தத்தைப் படித்ததும் போனை அணைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டாவதைத் தேடும் தைரியம் இன்றுவரை வரவில்லை. பர்வீனிடம் கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாள், அதுதான் பயமாக இருக்கிறது.